பழைய எம்ஜிபி வாங்கப் போறீங்களா? இன்ஜினுக்கு மட்டும் ஒரு ரிவ்யூ

எம்ஜிபிங்கிற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் பத்தி யார் எழுதினாலும் கூரைய மடக்கிட்டு இங்கிலாந்து கிராமத்து ரோட்டுல போற சுகம், குரோம் பம்பர், கம்பி வீலுன்னு பக்கம் பக்கமா எழுதுறாங்க, அதெல்லாம் உண்மைதான், ஆனா காசு எண்ணி வைக்கப் போறவனுக்கு அதுல ஒரு உபயோகமும் இல்ல. அதனால இது முழுக்க இன்ஜின் கதை. இங்க இங்கிலாந்துல ரொம்ப நாளா தேடி, நல்லதும் கெட்டதுமா நிறைய வண்டி பாத்து, கடைசில ஒரு ஜிடி (மடக்க முடியாத கூரை வச்ச மாடல்) வாங்கி ஓட்டிட்டு இருக்கேன். முடிவ முதல்லயே சொல்லிடறேன், இன்ஜினுக்கு 10க்கு 8 மார்க் தாராளமா கொடுக்கலாம், ஆனா ஆறிப்போன இன்ஜின உங்க கண் முன்னாடி ஸ்டார்ட் பண்ணிக் காட்டாத எந்த ஆளுக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

தெரியாதவங்களுக்கு கொஞ்சம் பூர்வீகம். 1962ல இருந்து 1980 வரைக்கும் இங்கிலாந்துல ஆபிங்டன் ஃபேக்டரில செஞ்ச வண்டி, ரோட்ஸ்டரும் (கூரை மடக்குற மாடல்) ஜிடியும் சேத்து 5 லட்சத்துக்கு மேல வந்துச்சு. இன்ஜின் 1798 சிசி, நாலு சிலிண்டர், பிளாக்கும் ஹெட்டும் ரெண்டுமே இரும்பு, பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கம்பெனியோட பி சீரிஸ். இந்த பேர எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா, நம்ம அம்பாசடர்ல வந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் இதே குடும்பம்தான். பொள்ளாச்சில எங்க மாமா வருஷக்கணக்கா அம்பாசடர் டாக்ஸி ஓட்டுனாரு, வீடியோ கால்ல எம்ஜிபி பானெட்ட தொறந்து காட்டினப்ப "அட, இது நம்ம வண்டிடா, ரெண்டு கார்ப்ரேட்டர் வச்சிருக்கான் அவ்ளோதான்"னு சொன்னாரு. ஸ்போர்ட்ஸ் கார்னு பேரு இருந்தாலும் உள்ள இருக்கிறது டாக்ஸி குடும்பத்து இன்ஜின், அதான் இதோட பலமே. கொஞ்சம் கெட்டாலும் ஓடும். ஆனா வாங்குறவனுக்கு ஆபத்தும் அதேதான், பாதி செத்த இன்ஜின் கூட டெஸ்ட் டிரைவ்ல நல்லா ஓடுற மாதிரி காட்டிடும்.

பாக்கப் போகும்போது எந்த இன்ஜின்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க. பிளாக்ல ஒரு சின்ன தகடு இருக்கும், 18ஜி-ன்னோ 18வி-ன்னோ ஆரம்பிக்கும் நம்பர். 1964 கடைசி வரைக்கும் வந்த வண்டிகள்ல கிராங்க்குக்கு (பிஸ்டன்கள் சுத்தி விடுற மெயின் தண்டு) மூணு மெயின் பேரிங், அதுக்கு அப்புறம் அஞ்சு. மூணு பேரிங் இன்ஜின் லேசா சுத்தும், சிலருக்கு அதுதான் பிடிக்கும், ஆனா தினமும் ஓட்டணும், மோட்டார்வேல போகணும்னா அஞ்சு பேரிங்தான் வாங்கணும். 18வி-ன்னு ஆரம்பிச்சா 70கள்ல வந்தது. பழைய வண்டில புது இன்ஜின் மாத்தி வச்சிருந்தா அது குத்தம் இல்ல, பேப்பர்ல இருக்கிற நம்பரும் தகடும் ஏன் வேறயா இருக்குன்னு மட்டும் கேட்டு வச்சுக்கோங்க.

இப்ப மெயின் விஷயம். போய் இறங்கினதும் பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பானெட்ட தொறக்கச் சொல்லி ராக்கர் கவர் (இன்ஜின் உச்சில இருக்கிற மூடி) மேல கை வைங்க. சூடா இருந்தா காலைலயே ஒரு ரவுண்டு ஓட்டி வச்சுட்டாங்கன்னு அர்த்தம். ஒரு டீலர்கிட்ட (பேரு வேண்டாம்) நான் ஃபோன்ல தெளிவா சொல்லியும் போய் பாத்தா ரேடியேட்டர் கொதிச்சிட்டு இருக்கு, கேட்டா "உங்களுக்காக வாஷ் பண்ணி நகத்தி வச்சோம்"ங்கிறாரு, பக்கத்து ஷெட்டுக்கு நகத்தினதுக்கு இவ்ளோ சூடு வருமா என்ன. காபி குடிச்சிட்டு வரேன்னு கிளம்பி வந்தவன் திரும்பிப் போகல. ஆறின இன்ஜின்லதான் செயின் சத்தம், பிஸ்டன் சத்தம், நீலப் புகை, ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கிறது எல்லாம் ஒரே நேரத்துல தெரியும், சூடாயிட்டா அதுல பாதி மறைஞ்சிடும்.

சாவிய முதல் ஸ்டெப் திருப்பினா பின்னாடி எஸ்யூ கம்பெனி பெட்ரோல் பம்ப் டிக் டிக் டிக்னு அடிக்கும், கொஞ்ச நேரத்துல கார்ப்ரேட்டர் நிறைஞ்சதும் அடங்கணும். நிக்காம அடிச்சிட்டே இருந்தா ஒண்ணு டேங்க் காலி, இல்ல எங்கயோ பெட்ரோல் ஒழுகுது, இல்ல பம்ப் வால்வு போச்சு. அப்புறம் சோக்க இழுத்து ஸ்டார்ட் பண்ணுங்க, நல்ல இன்ஜின் ரெண்டு மூணு சுத்துல பிடிச்சுக்கும். பிடிச்ச உடனே கண்ணு ஆயில் பிரஷர் மீட்டர்ல இருக்கணும், காது முன்பக்கம் இருக்கணும். முன்னாடி ஒரு கரகரப்பு வந்து ஒரு செகண்ட்ல அடங்கினா பரவால்ல, அடங்காம சங்கிலி இழுபடுற மாதிரியே கேட்டுட்டு இருந்தா டைமிங் செயினும் டென்ஷனரும் தேஞ்சு போச்சு, இது இன்ஜின இறக்காமலே மாத்தக்கூடிய வேலை, இதுக்காக வண்டிய விட வேண்டாம், விலைய குறைங்க.

ஆயில் பிரஷர் பத்தி கொஞ்சம் நீட்டியே எழுதுறேன், ஏன்னா இந்த இன்ஜின வாங்கலாமா வேண்டாமாங்கிறதுல முக்கால்வாசி இந்த முள்ளுலதான் இருக்கு. ஆறின இன்ஜின்ல 60, 70 பிஎஸ்ஐ காட்டுறத பாத்து யாரும் சந்தோஷப்படாதீங்க, கெட்டி ஆயில்ல எந்த இன்ஜினும் அத காட்டும். குறைஞ்சது இருபது நிமிஷம் நல்லா ஓட்டி, முழுசா சூடானதுக்கு அப்புறம் மணிக்கு 50 மைல் வேகத்துல 50 பிஎஸ்ஐக்கு மேல நிக்கணும், கம்பெனி மேனுவல் கணக்கு ஓட்டத்துல 50ல இருந்து 80, ஐடில்ல 10ல இருந்து 25. ஐடில்ல 15 காட்டுதுன்னு பதறிப் போய் நல்ல வண்டிய விட்டவங்களும் இருக்காங்க, அது நார்மல். ஆனா ஓட்டத்துல 40க்கு கீழ இறங்கி, ஐடில்ல முள்ளு கிட்டத்தட்ட படுத்துடுச்சுன்னா கிராங்க் பேரிங்கோ ஆயில் பம்போ தேஞ்சிருக்கு, அது இன்ஜின இறக்குற வேலை, செலவு சில ஆயிரம் பவுண்ட்ல போகும். மீட்டரே பொய் காட்டுதுன்னு விக்கிறவர் சொல்லுவாரு, சில சமயம் அது உண்மையாவும் இருக்கும், அப்படின்னா வேற ஒரு மெக்கானிக்கல் கேஜ் மாட்டி காட்டச் சொல்லுங்க, அஞ்சு பத்து நிமிஷ வேலை. மாட்ட மாட்டேன்னா உங்களுக்கு பதில் கிடைச்சாச்சு.

இன்னொரு தில்லுமுல்லு, தேஞ்ச இன்ஜின்ல ரொம்ப கெட்டியான ஆயிலோ ஆயில் கெட்டிப்படுத்துற டப்பா மருந்தோ ஊத்தி விட்டா பிரஷரும் ஏறும், புகையும் கொஞ்ச நாள் அடங்கும். இந்த இன்ஜினுக்கு சரியானது 20டபிள்யூ50, கிளாசிக் கார் கடைல கிடைக்கிறது, அதுல ஜிங்க் சமாச்சாரம் அதிகமா இருக்கும், வால்வ தூக்கி விடுற கேமும் டாப்பெட்டும் தேயாம இருக்க அது வேணும். என்ன ஆயில் ஊத்தியிருக்கீங்கன்னு சும்மா பேச்சுவாக்குல கேளுங்க. டக்குனு பதில் சொல்றவர் வண்டிய பாத்துக்கிறவர். "ஏதோ சூப்பர்மார்க்கெட்ல நல்ல சிந்தெடிக்"னு சொன்னா வால்வு பக்கம் காத நல்லா தீட்டி வச்சுக்கோங்க.

சத்தம். பி சீரிஸ்ல டாப்பெட் சத்தம் வரும், வரணும். தையல் மெஷின் மாதிரி சீரா டிக்கடிக்கனு அடிச்சா ஆரோக்கியம். வால்வு கிளியரன்ஸ் (இடைவெளி) 15 தௌ, அதாவது ஒரு இன்ச்சோட ஆயிரத்துல 15 பங்கு கிட்ட இருக்கும், அதனால சத்தம் இல்லாம இருக்கவே முடியாது, சத்தமே இல்லாத எம்ஜிபி கிடைச்சா நான் சந்தேகப்படுவேன், யாரோ சத்தம் போகணும்னு டாப்பெட்ட டைட் பண்ணி வச்சிருப்பாங்க, அப்ப எக்ஸாஸ்ட் வால்வு சரியா உக்காராம கருகிடும். எட்டுல ஒண்ணு மட்டும் தனியா டப் டப்னு அடிச்சா ராக்கர் ஷாஃப்ட் தேய்மானமா இருக்கலாம், அது சின்ன செலவு, இல்லன்னா கேம் லோப் தேஞ்சிருக்கலாம், அது பெரிய செலவு. ராக்கர் கவர கழட்டி, இன்ஜின கையால சுத்தி எட்டு வால்வும் ஒரே அளவு தூக்குதான்னு பாத்தா தெரிஞ்சிடும். கீழ இருந்து வர சத்தம் வேற ஜாதி. கியர்ல போட்டு கால அழுத்தி ஏத்தத்துல இழுக்கும்போது டொக் டொக்னு கனமா வந்து, கால எடுத்ததும் குறைஞ்சா பிக் எண்ட் பேரிங் (கனெக்டிங் ராடு கிராங்க்ல சேர்ற இடம்) போச்சு. ஆறின இன்ஜின்ல மட்டும் டக டகன்னு இருந்து சூடானதும் போயிட்டா அது பிஸ்டன் ஆட்டம், பல வருஷம் அப்படியே ஓடும், ஆனா போர் (சிலிண்டரோட உள் சுவர்) தேய ஆரம்பிச்சாச்சுன்னு விலைல பேசலாம்.

புகைக்கு ஒரு ஆள பின்னாடி நிக்க வைங்க, இல்ல பின்னாடி வண்டில வரச் சொல்லுங்க. ஏத்தத்துல அழுத்தும்போது நீலமா தள்ளினா பிஸ்டன் ரிங் போச்சு, இறக்கத்துல கால எடுத்துட்டு வந்து மறுபடி அழுத்தும்போது ஒரு குபுக்னு நீலம் வந்தா வால்வு கைடு (வால்வு தண்டு ஏறி இறங்குற குழாய்). ரெண்டுக்கும் செலவு வித்தியாசம் நிறைய, கைடுக்கு ஹெட்ட மட்டும் கழட்டினா போதும், ரிங்குக்கு கீழ வரைக்கும் போகணும், அப்படியே போர் பண்ண வேண்டியிருந்தா இன்ஜின வெளிய எடுத்தாகணும். கருப்புன்னா கார்ப்ரேட்டர் அட்ஜஸ்ட்மெண்ட், எஸ்யூ கார்ப்ரேட்டர் அவ்ளோ பயப்பட வேண்டிய சாமான் இல்ல. ஊர்ல மெக்கானிக்குங்க பேக் கம்ப்ரஷன் பாக்குற மாதிரி, இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடிய கழட்டிப் பாருங்க, புகை குபுகுபுன்னு அடிச்சா ரிங் கதை உறுதி.

சிலிண்டர் உள்ள வர அழுத்தத்த அளக்குற கம்ப்ரஷன் கேஜ் ஒண்ணு சொந்தமா வாங்கிடுங்க. ரப்பர் முனைய கையால அழுத்திப் பிடிக்கிற டைப் வாங்காதீங்க, கொஞ்சம் கை நழுவினாலும் தப்பா காட்டும், 14 எம்எம் பிளக் ஓட்டைல திருகி மாட்டுற டைப் விலையும் ஒண்ணும் பெருசா இல்ல. இன்ஜின் சூடா, நாலு பிளக்கையும் கழட்டி, இக்னிஷன துண்டிச்சு, ஆக்ஸிலரேட்டர முழுசா அழுத்தி செல்ஃப் அடிக்கணும், ஆக்ஸிலரேட்டர அழுத்தாம செஞ்சா நல்ல இன்ஜினும் கம்மியா காட்டும். ஹை கம்ப்ரஷன் இன்ஜின்ல 150, 160 பக்கம் வரணும், ஆனா நம்பர விட நாலும் ஒண்ணுக்கொண்ணு கிட்ட இருக்கிறதுதான் முக்கியம், பத்து பர்சண்டுக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. ஒண்ணு மட்டும் கம்மின்னா அதுல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்க, ஏறினா ரிங், ஏறலன்னா வால்வு. 2ம் 3ம் சேந்து கம்மியா இருந்தா ரெண்டுக்கும் நடுவுல ஹெட் கேஸ்கட் போயிருக்க நிறைய வாய்ப்பு.

அந்த நடு இடம்தான் இந்த ஹெட்டோட பலவீனம். 2வது 3வது சிலிண்டரோட எக்ஸாஸ்ட் ரெண்டும் ஒரே வாய் வழியா போகுது, அதனால அங்க சூடு குவியும், ஒரு தடவ நல்லா ஓவர்ஹீட் ஆன வண்டில அந்த இடத்துல கிராக் விழுறது தெரிஞ்ச கதை. வெளிய இருந்து பாத்தா தெரியாது. ரேடியேட்டர் தண்ணில குமிழி வருதா, தண்ணி காரணமில்லாம குறையுதா, ஹீட்டர் ஓஸ் கல்லு மாதிரி இறுகுதான்னு பாருங்க. ரேடியேட்டர் வாய்ல வச்சு உறிஞ்சுற நீலத் தண்ணி டெஸ்டர் ஒண்ணு விக்கிறாங்க, இன்ஜின் கேஸ் கலந்திருந்தா மஞ்சளா மாறும், சின்ன காசுதான், நான் கேஜோட சேத்து அதையும் பையில போட்டுட்டுதான் போவேன். ஆயில் மூடிக்கு கீழ மயோனைஸ் மாதிரி வெள்ளையா இருந்தா மட்டும் உடனே கேஸ்கட்னு முடிவு கட்டாதீங்க, கடைக்கும் வீட்டுக்குமா ரெண்டு மைல் ஓட்டுற வண்டில குளிர்காலத்துல தண்ணி ஆவி அங்க படியும். டிப் ஸ்டிக்லயும் அதே வெள்ளை இருந்தா தான் பயப்படணும்.

ஆயில் ஒழுகலுக்கு 10க்கு 4 மார்க்தான் கொடுப்பேன். எல்லா எம்ஜிபியும் ஒழுகும், கீழ ஒரு அட்டை போடாம எங்க வீட்டு வாசல்ல என் வண்டி நிக்க முடியாது. எங்க இருந்து ஒழுகுதுங்கிறதுதான் கேள்வி. ராக்கர் கவர், மேனிஃபோல்டுக்கு கீழ இருக்கிற டாப்பெட் கவர், இதெல்லாம் கேஸ்கட் விலைல முடியும், டாப்பெட் கவருக்கு மேனிஃபோல்ட கழட்டுற எரிச்சல் மட்டும்தான். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துல சொட்டினா பின்பக்க கிராங்க் சீல், அதுக்கு இன்ஜின எடுக்கணும், கிளட்ச் மாத்தும்போது சேத்துப் பண்ணிக்கலாம்னு எல்லாரும் தள்ளிப் போடுவாங்க, நானும் தள்ளிப் போட்டிருக்கேன். ஆயில் கூலருக்கு போற ரெண்டு ஓஸையும் மறக்காம பாருங்க, வெடிப்பு விட்டிருந்தா வாங்கின அன்னைக்கே மாத்துங்க, ஓட்டத்துல அது பிய்ஞ்சா இன்ஜின் ஆயில் மொத்தமும் கொஞ்ச நேரத்துல ரோட்டுக்கு போயிடும்.

கிளட்ச ஒரு ஆள் அழுத்தி விடச் சொல்லி முன்னாடி கிராங்க் புல்லிய பாருங்க. கண்ணுக்கு தெரியிற அளவுக்கு முன்னும் பின்னும் போனா த்ரஸ்ட் வாஷர் (கிராங்க் அப்படி நகராம பிடிக்கிற வளையம்) தேஞ்சிருக்கு. ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், டிஆர்6 பாக்கப் போறவங்க இத முதல் வேலையா பாக்கணும், அங்க வாஷர் கழண்டு கீழயே விழுந்துடும், பிளாக்கே வீணாப் போன கதை எல்லாம் உண்டு. எம்ஜிபில அவ்ளோ மோசம் இல்ல, இருந்தாலும் அரை நிமிஷ வேலைதானே.

பெட்ரோல் விஷயம் இங்க இருக்கவங்களுக்கு தெரியும், 1999 கடைசியோட லெட் (ஈயம்) கலந்த பெட்ரோல் பொதுவா விக்கிறத நிறுத்திட்டாங்க, லெட் இல்லன்னா பழைய வால்வு சீட் தேயும். ஹெட்ல ஹார்டன் பண்ணின எக்ஸாஸ்ட் வால்வு சீட் போட்டாச்சான்னு கேளுங்க, "போட்டாச்சு"ன்னா பில் எங்கன்னு அடுத்த கேள்வி. போடலன்னா வாங்கவே கூடாதுன்னு இல்ல, ஆடிட்டிவ் ஊத்தி மெதுவா ஓட்டலாம், டாப்பெட் கிளியரன்ஸ் சீக்கிரம் சீக்கிரம் குறைஞ்சிட்டே வந்தா சீட் உள்ள இறங்குதுன்னு தெரிஞ்சுக்கலாம். 2021 செப்டம்பர்ல இருந்து சாதா பெட்ரோல் இ10 (10 பர்சண்ட் வரைக்கும் எத்தனால் கலந்தது) ஆயிடுச்சு, பழைய ரப்பர் ஓஸ அது அரிக்கும், அதனால பெட்ரோல் ஓஸ் எப்ப மாத்தினதுன்னு பாருங்க, எக்ஸாஸ்ட்டுக்கு மேலயே கார்ப்ரேட்டர் உக்காந்திருக்கிற வண்டில பெட்ரோல் சொட்டினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. சாவிய அணைச்ச பிறகும் இன்ஜின் குலுங்கிக் குலுங்கி ஓடினா பயந்துடாதீங்க, உள்ள கார்பன் படிஞ்சிருக்கும், இல்ல ஐடில் ஸ்பீடு அதிகமா வச்சிருப்பாங்க, டைமிங் சரியில்லாமலும் இருக்கலாம், பெரும்பாலும் டியூனிங்ல சரியாகும்.

"இன்ஜின் ஃபுல்லா ரீபில்ட் பண்ணது"ங்கிற வார்த்தைக்கு நான் பில் இல்லாம ஒரு பவுண்ட் கூட அதிகமா கொடுக்க மாட்டேன். கிராங்க் கிரைண்ட் பண்ணாங்களா, எந்த ஓவர்சைஸ் பிஸ்டன், ஆயில் பம்ப் மாத்தினாங்களான்னு பில்லுல இருக்கும், பெயிண்ட் அடிச்ச பிளாக்கும் புது ராக்கர் கவர் கேஸ்கட்டும் மட்டும் ரீபில்ட் ஆகாது. எம்ஓடி (இங்க வருஷா வருஷம் நடக்குற வண்டி தகுதி டெஸ்ட்) ஹிஸ்டரி கவர்ன்மெண்ட் சைட்ல ஃப்ரீயா பாக்கலாம், மைலேஜும் ஆயில் ஒழுகல், புகை பத்தின பழைய குறிப்பும் அதுல இருக்கும், ஆனா 40 வருஷம் தாண்டின வண்டிக்கு 2018 மே மாசத்துல இருந்து எம்ஓடி கட்டாயம் இல்ல, அதனால நிறைய வண்டிக்கு ஹிஸ்டரி அங்கயே நின்னுடும். அதுக்கு அப்புறமும் வருஷா வருஷம் தானா போய் எம்ஓடி பண்ணி வச்சிருந்தா அந்த ஓனர்கிட்ட வாங்கலாம்.

அமெரிக்கால இருந்து திரும்பி வந்த வண்டிகளும் மார்க்கெட்ல நிறைய. துரு கம்மி, அது பெரிய பிளஸ். ஆனா 1975ல இருந்து அங்க போனதுல ரெண்டு எஸ்யூக்கு பதிலா ஒரே ஒரு ஸ்ட்ராம்பர்க் கார்ப்ரேட்டரும் புகை கட்டுப்பாட்டு சாமானும் மாட்டி விட்டாங்க, இன்ஜின் மூச்சு முட்டுற மாதிரி ஓடும். இழுவை இல்லைன்னு அந்த வண்டிய ஓட்டிட்டு இன்ஜின் செத்துடுச்சுன்னு நினைக்காதீங்க, கம்ப்ரஷன் நல்லா இருந்தா ரெண்டு எஸ்யூ போட்டு சரி பண்ணலாம், அந்த செலவ விலைல கழிச்சுக்கோங்க.

என் கணக்குப்படி பாடி துருவோட இன்ஜின ஒப்பிட்டா இன்ஜின் பயம் சின்னதுதான், சில் (கதவுக்கு கீழ ஓடுற பாடி பகுதி) அழுகின வண்டிய வெல்டிங் பண்ண ஆகுற செலவுல ஒரு நல்ல இன்ஜின் ரீபில்டே பண்ணிடலாம், பார்ட்ஸும் பெரும்பாலும் புதுசா கிடைக்குது. அதனால பாடி கெட்டியா, இன்ஜின் தேஞ்ச வண்டி நல்ல விலைக்கு வந்தா நான் யோசிக்காம எடுப்பேன், அதுக்கு நேர்மாறா பளபளன்னு இன்ஜின் பே வச்சுட்டு கீழ அழுகின வண்டிய தொடவே மாட்டேன். டூல் எல்லாம் நமக்கு ஒத்து வராதுன்னா இந்த வண்டிகள்லயே வேலை பாத்து ரிட்டயர் ஆன மெக்கானிக்குங்க காசு வாங்கிட்டு கூட வந்து பாத்துக் கொடுக்கிறாங்க, அப்படி ஒருத்தர் எனக்கு வந்தாரு, மனுஷன் கேஜ எடுக்கிறதுக்கு முன்னாடியே ஆயில் மூடிய கழட்டி மோந்து பாத்து ரிங் போச்சுன்னாரு, அப்புறம் கேஜ் போட்டுப் பாத்தா 3வது சிலிண்டர் 95தான் காட்டுச்சு, அந்த வண்டிய விட்டுட்டோம். அவருக்கு கொடுத்த காசு முழுசா வொர்த், விக்கிறவர் முன்னாடி மட்டும் கொஞ்சம் மெதுவா பேசியிருக்கலாம்.